முதல் இரண்டு வாரங்கள்: மனச்சோர்வு மருந்தும் பக்கவிளைவு பற்றிய அச்சமும்

உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவு மாணவி

அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் முடிந்து மருந்து எடுக்கும்போது நமது கைக்கு வருவது ஒரு சிறிய உறை. எத்தனை குளிசை, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது மட்டுமே அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். பாமசியில் வாங்கினாலும் பெரும்பாலும் அட்டையிலிருந்து வெட்டியெடுத்த சில குளிசைகள்தான் கிடைக்கும். பெட்டியும் அதற்குள் மடித்து வைத்த விளக்கத் தாளும் கடையிலேயே தங்கிவிடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் தொலைபேசியில் மருந்தின் பெயரைத் தேடுகிறோம். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, நடுக்கம், வலிப்பு, இரத்தக் கசிவு என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறது.

எந்த மருந்துக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. காய்ச்சல் மருந்தின் பட்டியலை நாம் தேடிப் பார்ப்பதில்லை. மனச்சோர்வுக்கான மருந்தை முதன்முதலில் எடுக்கப் போகிறவரோ அந்தப் பட்டியலை இரவு முழுவதும் வாசிக்கிறார். ஏற்கனவே களைத்துப் பயந்துபோன மனதுக்கு அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தனக்கென்றே எழுதப்பட்டதுபோலத் தோன்றுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் விளக்க முயல்வது முக்கியமாக ஒரு விடயத்தை. மனச்சோர்வு மருந்துகளில் பக்கவிளைவு முதலில் வரும், பயன் பின்னர்தான் வரும். இந்த வரிசையை அறியாதவர்கள் பயன் வருவதற்கு முன்பே மருந்தை விட்டுவிடுகிறார்கள். அறிந்தவர்களுக்கோ அந்த முதல் இரண்டு வாரங்களைக் கடப்பது இலகுவாகிறது.

மனச்சோர்வு ஒரு நோய்

கவலை எல்லோருக்கும் வரும். பரீட்சைப் பெறுபேறு குறைந்தால் வரும், நெருங்கிய ஒருவர் மௌத்தானால் வரும். நாட்கள் போகப் போக அது தணியும். மனச்சோர்வு நோய் அப்படியானதல்ல. பெரும்பாலான நேரம் மனம் கனத்திருத்தல், விருப்பமான எதிலும் ஈடுபாடு இல்லாமற் போதல், தூக்கமும் பசியும் மாறுதல், கவனம் சிதறுதல், தன்னைப் பயனற்றவராக எண்ணுதல் போன்ற பல அறிகுறிகள் ஒன்றாகச் சேர்ந்து குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நீடித்து, அன்றாட வாழ்வைக் குழப்பும்போதுதான் வைத்தியர்கள் அதனை நோயாகக் கணிக்கிறார்கள்.

நமது வீடுகளில் இதனை ஈமான் குறைவு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியில் பிறந்து, கி.பி. 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர், ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்’ என்ற நூலில் உடல் நலத்தையும் உள நலத்தையும் அடுத்தடுத்து வைத்து எழுதினார். கவலையை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இழப்புப் போன்ற தெரிந்த காரணத்தால் வருவது. மற்றது, காரணம் தெரியாமலே மனதைப் பிடித்துக்கொள்வது. இரண்டாவது வகை உடலின் நிலையோடு தொடர்புடையது என்றும் அதற்கு உடலுக்கான சிகிச்சையும் வேண்டும் என்றும் அவர் கருதினார். ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு முஸ்லிம் அறிஞர் மனக்கவலைக்கு மருந்தும் தேவைப்படலாம் என்று எழுதியிருக்கும்போது, இன்று அதே காரணத்துக்காக கிளினிக் வரிசையில் நிற்கும் ஒருவர் ஏன் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும்?

மருந்து என்ன செய்கிறது?

முதலாவது மனச்சோர்வு மருந்துகளில் ஒன்று தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1952 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்டேட்டன் தீவில் இருந்த காசநோய் வைத்தியசாலை ஒன்றில் இப்ரோனியாசிட் என்ற புதிய மருந்து கொடுக்கப்பட்டபோது, சோர்ந்து கிடந்த நோயாளர்கள் வழமைக்கு மாறான உற்சாகத்துடன் இருப்பதை வைத்தியர்கள் அவதானித்தார்கள். அதன் பின்னர் பல மருந்துகள் வந்தன. 1987 இன் இறுதியில் புளூஒக்செட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செர்ட்ராலின், எஸிட்டலோப்ராம், பரொக்செட்டின் ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்று வைத்தியர்கள் பெரும்பாலும் முதலில் தருவது இந்தக் குடும்ப மருந்து ஒன்றைத்தான்.

நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை என்பதை உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இரண்டுக்கும் இடையில் நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. ஒரு கலம் செரட்டோனின் போன்ற இரசாயனத் தூதுவரை அந்த இடைவெளியில் விடுவிக்கும், அடுத்த கலம் அதனைப் பெற்றுக்கொள்ளும். வேலை முடிந்த செரட்டோனினை முதற் கலம் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். மேலே சொன்ன மருந்துகள் இந்த மீள உறிஞ்சலைத் தடுக்கின்றன. அதனால் செரட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது.

இந்தத் தடை முதற் குளிசையிலிருந்தே தொடங்கிவிடுகிறது. அப்படியானால் மனம் ஏன் மறுநாளே தெளிவதில்லை? செரட்டோனின் கூடியதும் முதற் கலம் அதை உணர்ந்து தனது உற்பத்தி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அந்த உணரிகள் புதிய நிலைக்குப் பழகி, கலங்களுக்கிடையிலான தொடர்புகள் மெல்ல மாறுவதற்கு வாரக்கணக்கு எடுக்கிறது. விஞ்ஞானிகள் தரும் விளக்கங்களுள் இது முக்கியமானது. செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு, கூட்டினால் சுகம் என்ற எளிய கணக்கை அவர்கள் இன்று அப்படியே ஏற்பதில்லை. மருந்து நமக்குத் தருவது மூளை தன்னைச் சீர்செய்துகொள்வதற்கான வாய்ப்பை என்று சொல்லலாம்.

பக்கவிளைவு ஏன் முந்திக்கொள்கிறது?

நமது உடலில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. குடலின் அசைவை ஒழுங்குபடுத்துவதில் அதற்குப் பெரிய பங்குண்டு. மருந்து மூளையை மாத்திரம் தேடிப் போவதில்லை, இரத்தத்தோடு உடல் முழுவதும் செல்கிறது. மூளை பழகுவதற்கு வாரங்கள் தேவைப்பட, குடலோ முதல் நாளே பதில் சொல்லிவிடுகிறது. குமட்டலும் வயிற்றோட்டமும் முதலில் வருவது அதனால்தான். தலைவலி, வாய் உலர்தல், வியர்வை, தூக்கம் குறைதல் அல்லது கூடுதல், உள்ளுக்குள் ஒரு படபடப்பு என்பனவும் ஆரம்ப நாட்களில் வரக்கூடியவை. இவற்றுட் பல ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தாமாகத் தணிகின்றன. மனதில் முன்னேற்றம் தெரியத் தொடங்குவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கலாம், முழுப் பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லலாம்.

ஆகவே முதல் இரண்டு வாரங்களில் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தொல்லை மட்டுமே. “இதைக் குடித்து என்ன கண்டேன்?” என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் அவரிடம் இந்தக் கால அட்டவணையைச் சொல்ல யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

எல்லாப் பக்கவிளைவும் போய்விடும் என்று சொல்வதும் நேர்மையாகாது. வியர்வை, நிறை மாற்றம், தாம்பத்திய வாழ்வில் விருப்பக் குறைவு போன்றவை சிலருக்குத் தொடரலாம். வெட்கத்தால் இவற்றை வைத்தியரிடம் மறைத்து, பின்னர் மருந்தையே விட்டுவிடுபவர்கள் உண்டு. சொன்னால் அளவை மாற்றலாம், வேறு மருந்துக்கு மாறலாம். சொல்லாவிட்டால் வைத்தியரால் உதவ முடியாது.

எங்கள் வீட்டில்

இதனை நான் எழுதுவதற்குக் காரணம் எனது சாச்சி. அவரது அனுமதியுடனேயே எழுதுகிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு வருடத்தின் பின்னர் அவருக்கு மனச்சோர்வு என்று உளநல வைத்தியர் சொன்னார். செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தின் பின்னர் 50 ஆகக் கூட்டுமாறு கூறினார். சாச்சி உறையை அலுமாரியில் வைத்துவிட்டு மூன்று நாட்கள் அதைத் தொடவில்லை.

“மகள், இத குடிச்சா நான் வேற ஆளா மாறிருவனா? பிள்ளைகள பாக்கேலாம தூங்கிட்டே கிடப்பனா? ஒருக்கா தொடங்கினா மௌத்தாகும் வரைக்கும் விடேலாதாமே?” என்று என்னிடம் கேட்டார். நான் அப்போதுதான் நரம்புத் தொகுதி பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லும் அளவுக்கு அந்தப் பாடத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. உம்மா ஒரு கொப்பியை எடுத்து அந்தக் கேள்விகளை அப்படியே எழுதினார். அடுத்த நாள் சாச்சாவும் சாச்சியும் கொப்பியுடன் வைத்தியரிடம் போனார்கள்.

வைத்தியர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆளை மாற்றுவது நோய், மருந்தின் நோக்கம் பழைய ஆளைத் திருப்பித் தருவது. தூக்கம் வந்தால் இரவில் எடுக்கலாம், தூக்கம் குறைந்தால் காலையில் எடுக்கலாம். இது போதைப்பொருள் போன்றதல்ல, இதை நினைத்து உடல் ஏங்குவதில்லை, அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தூண்டுவதுமில்லை. ஆனால் திடீரென நிறுத்தக் கூடாது.

முதல் வாரம் சாச்சிக்குக் குமட்டல் கடுமையாக இருந்தது. உம்மும்மா இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சாப்பாட்டுடன் குளிசையை எடுக்கத் தொடங்கியதும் குமட்டல் குறைந்தது. அதே கொப்பியில் ஒவ்வொரு நாளும் மூன்று விடயங்களை மட்டும் குறித்தோம்: எத்தனை மணித்தியாலத் தூக்கம், உடம்பில் என்ன தொல்லை, மனம் பத்துக்கு எத்தனை. பதினோராம் நாள் குமட்டல் என்ற சொல் கொப்பியில் இல்லை. மனதுக்கான எண் மூன்றிலேயே நின்றது. நான்காம் வாரம் அது ஐந்தானது. தனக்கு எதுவும் மாறவில்லை என்று சாச்சி சொன்ன நாளில் உம்மா கொப்பியைத் திறந்து காட்டினார். சோர்ந்த மனம் நல்லதை மறந்துவிடுகிறது, எழுத்து மறப்பதில்லை.

பட்டியலை வாசிக்கும் முறை

விளக்கத் தாள்களில் வரும் சொற்களுக்குக் கணக்கு உண்டு. ‘மிகப் பொதுவானது’ என்றால் 10 பேரில் ஒருவருக்கு அல்லது அதற்கும் அதிகமானோருக்கு வருவது. ‘பொதுவானது’ என்றால் 100 பேரில் ஒருவர் முதல் 10 பேரில் ஒருவர் வரை. ‘அரிதானது’ என்றால் 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. தொலைபேசித் திரையில் குமட்டலும் வலிப்பும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் ஒரே அளவான எழுத்தில் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவில் நிகழ்பவையல்ல.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மருந்துப் பரிசோதனைகளில் ஒரு சாராருக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை கொடுப்பார்கள். அதை எடுத்தவர்களிலும் பலர் தலைவலி, குமட்டல், களைப்பு என்று முறையிடுவது வழமை. எதிர்பார்ப்பும் உடம்பில் வேலை செய்கிறது. இதனால் பக்கவிளைவு கற்பனை என்றாகிவிடாது. பட்டியலை நள்ளிரவில் பத்தாவது தடவை வாசிப்பது உதவாது என்பதே இதன் பாடம்.

உடனே சொல்ல வேண்டியவை

பொறுத்துக்கொள்ள வேண்டியவை இருப்பதுபோல, ஒரு நாளும் பொறுக்கக் கூடாதவையும் இருக்கின்றன. பெற்றோர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

2004 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், சிறுவர்களுக்கும் கட்டிளமைப் பருவத்தினருக்கும் கொடுக்கப்படும் மனச்சோர்வு மருந்துகளின் மீது கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடக் கட்டளையிட்டது. 2007 இல் அது 24 வயது வரையானோருக்கு விரிவாக்கப்பட்டது. பரிசோதனைகளில் வெறும் குளிசை எடுத்த இளையவர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்கு உயிரை மாய்க்கும் எண்ணமோ முயற்சியோ காணப்பட்டது. மருந்து எடுத்தவர்களில் அது ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்தது. அந்தப் பரிசோதனைகளில் எவரும் உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை. இந்தக் கணக்கைக் கண்டு மருந்தே வேண்டாம் என்று முடிவெடுப்பது பிழையாகும், ஏனெனில் சிகிச்சை பெறாத மனச்சோர்வே உயிருக்கு ஆபத்தானது. புளூஒக்செட்டின் எட்டு வயது முதலான பிள்ளைகளின் மனச்சோர்வுக்கும் அங்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை கேட்பது, முதல் வாரங்களிலும் அளவு மாற்றப்படும்போதும் பிள்ளையைத் தனியே விடாமல் அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்பதையே.

கவனிக்க வேண்டியவை இவை: சாவைப் பற்றிய பேச்சு அல்லது எண்ணம், ஓரிடத்தில் இருக்க முடியாத அமைதியின்மை, வழமைக்கு மாறான கோபம், தூக்கமே தேவையில்லாத அளவு திடீர் உற்சாகமும் வேகமான பேச்சும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் வைத்தியரைத் தொடர்புகொள்ள வேண்டும். உடம்பெல்லாம் தடித்தல், மூச்சுத் திணறல், கடும் காய்ச்சலுடன் தசை இறுக்கமும் நடுக்கமும் குழப்பமும் காணப்பட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வயதானவர்களுக்கு, விசேடமாகச் சிறுநீர் போவதற்கான குளிசை எடுப்பவர்களுக்கு, இரத்தத்தில் சோடியம் குறைந்து தடுமாற்றம் வரலாம். அதனை முதுமை என்று விட்டுவிடக் கூடாது.

நமது வீடுகளில் எழும் கேள்விகள்

வேறு மருந்துகளோடு எடுக்கலாமா? மாதவிடாய் வலிக்கு நாம் எடுக்கும் மெபனமிக் அமிலம், டைக்ளோபெனக் போன்றவை இந்த மருந்துகளுடன் சேரும்போது வயிற்றில் இரத்தம் கசியும் அபாயம் கூடுகிறது. பரசிட்டமோல் பொதுவாக அதைவிடப் பாதுகாப்பானது. ட்ரமடோல் என்ற வலிநிவாரணியும், செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகைக் குளிசையும் செரட்டோனினை ஆபத்தான அளவுக்குக் கூட்டலாம். ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும், பாமசியில் எதை வாங்கினாலும் எடுக்கும் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் இடம் அதுவல்ல.

கெப்சியூல் ஹலாலா? புளூஒக்செட்டின் பெரும்பாலும் கெப்சியூலாக வருகிறது. அதன் மேலுறை பொதுவாக ஜெலட்டினால் ஆனது. மனதில் உறுத்தல் இருந்தால் மருந்தை நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் கேளுங்கள். செர்ட்ராலின், எஸிட்டலோப்ராம் போன்றவை குளிசையாகவே கிடைக்கின்றன. மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நோன்பு காலத்தில்? இவற்றுட் பல நாளொன்றுக்கு ஒரு தடவை எடுப்பவை. ஸஹரிலோ இப்தாரின் பின்னரோ எடுக்கும்படி நேரத்தை மாற்ற முடியுமா என்பதை ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் பேசிக்கொள்ளலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை மனநோயாளிக்கும் உரியது.

ஒரு வேளை தவறினால்? அடுத்த வேளையில் இரண்டாக எடுக்கக் கூடாது.

நிறுத்துவது எப்போது?

மனம் தெளிந்ததும், “இனி எதற்கு மருந்து?” என்று நிறுத்துவதுதான் அநேகமாக நடக்கிறது. நோய் திரும்பாதிருக்க, குணமடைந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடருமாறு வைத்தியர்கள் பொதுவாகக் கூறுகிறார்கள். பின்னர் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், குழப்பமான கனவுகள், தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். பரொக்செட்டின் உடலிலிருந்து விரைவாக வெளியேறுவதால் அதில் இத்தொல்லை அதிகம். புளூஒக்செட்டின் மெதுவாக வெளியேறுவதால் அதில் குறைவு.

பக்கத்தில் இருப்பவர்களின் பங்கு

மருந்து எடுப்பவர் ஒருவராக இருந்தாலும் முதல் இரண்டு வாரங்களைக் கடப்பது ஒரு வீட்டின் வேலை. “இன்னும் சரியாகவில்லையா?” என்று தினமும் கேட்பதைவிட, “இன்று பத்தாவது நாள்” என்று சொல்வது உதவும். மருந்தைக் கேலி செய்யாதிருப்பதும், ஊருக்குச் சொல்லாதிருப்பதும், கிளினிக்குக்குத் துணையாகப் போவதும் உதவும். மருந்தோடு உளவளத்துணையும் நடையும் ஒழுங்கான தூக்கமும் சேர்ந்தால் பயன் கூடுதல்.

நமது வகுப்பறைகளிலும் இந்தக் குளிசையை யாருக்கும் தெரியாமல் விழுங்கும் தோழிகள் இருக்கலாம். எடுக்கப் பயந்து அலுமாரிக்குள் வைத்திருப்பவர்களும் இருக்கலாம். உங்கள் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதனை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். நள்ளிரவில் மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது பக்கத்து அறையில் தூங்கும் உம்மாவை எழுப்புங்கள். பயப்படுவது தவறல்ல. அந்தப் பயத்தோடு தனியாக இருக்கத் தேவையில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள்.